எத்தனை லிட்டர் மெஷின் என்பதற்கு முன்னால்

கேள்வி: தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். படுக்கையறை 12 அடிக்கு 10 அடி. மழைக்காலம் வந்தாலே பீரோவுக்குள் மக்கிய வாடை. தோல் பெல்ட், ஷூ, கைப்பை எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். இரவு முழுக்க ஏசி ஓடுகிறது. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து காற்றோட்டமாக வைக்கிறோம். அப்படியும் போகவில்லை. மாமியாருக்கு இழைப்பு உண்டு என்பதால் பயமாக இருக்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கலாம் என்று பார்த்தால் அரை லிட்டர், 10 லிட்டர், 20 லிட்டர் என்று என்னென்னவோ இருக்கிறது. எதை வாங்குவது? அதில் சேரும் தண்ணீரை எதற்காவது பயன்படுத்தலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் நான் திரும்பவும் போய்ப் படித்த இடம், காலையில் ஜன்னலைத் திறந்துவைக்கிறோம் என்ற வரி. நல்ல பழக்கம் என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள். ஆனால் உங்கள் அறைக்குத் தண்ணீர் வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

மழைக்காலக் காற்று 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலிருந்து தண்ணீர் பிரிய ஆரம்பித்துவிடும். பனிநிலை என்று சொல்வது இதைத்தான். இரவு முழுக்க 24 டிகிரியில் ஏசி ஓடிய அறையில் சுவர், பீரோ, மெத்தை எல்லாம் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும். காலையில் ஜன்னலைத் திறந்ததும் வெளிக்காற்று வந்து அவற்றின் மேல் படியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கிறதே, அதேதான். துளி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. சுவர் 27 டிகிரியில் இருந்தாலே அதை ஒட்டியுள்ள காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80க்கு மேல் சில நாள் நின்றால் போதும், பூஞ்சை பிடித்துக்கொள்ளும். தின்பதற்குத் தூசியும் தோலில் தடவிய எண்ணெய்ப் பசையும் இருக்கவே இருக்கின்றன.

பீரோவுக்குப் பின்னால் ஏன் மோசம் என்றால், அங்கே காற்று அசைவதில்லை. ஒரு முறை நனைந்த இடம் காயவே காயாது. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சோதனை. தரைத்தளம் என்கிறீர்கள். மண்ணிலிருந்து சுவர் வழியாக ஓதம் ஏறுகிறதா, அல்லது காற்றிலிருந்து படிகிறதா என்று தெரிந்தாக வேண்டும். கறுப்புப் புள்ளி உள்ள சுவரைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒரு சாண் சதுரத்துக்கு அலுமினிய ஃபாயிலை வைத்து நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு ஃபாயிலின் வெளிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது அறைக்காற்றின் வேலை. வெளியே காய்ந்திருந்து, பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் கொப்புளித்து, தொட்டால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா என்றும் பாருங்கள். அது உப்பு பூத்தது. பூஞ்சை இல்லை. உப்பு பூத்திருந்தால் சுவருக்குள் ஈரம் ஊடுருவுகிறது என்று அர்த்தம்.

சுவரே ஊறுகிறது என்றால் எந்த மெஷினும் அதைக் குணப்படுத்தாது. பக்கத்தில் குளியலறை இருந்தால் குழாய்க் கசிவைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் மழைநீர் தேங்குகிறதா, மண்மேடு சுவர்மேல் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கப்போன ஒரு வீட்டில், தினமும் ஒரு வாளித் தண்ணீர் எடுக்கிறது என்று மெஷினைப் பெருமையாகக் காட்டினார்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்தது சுவருக்குள் விரிசல் விட்ட ஒரு பைப்பிலிருந்து. கரண்ட் பில்லைக் கட்டி அந்தக் கசிவைத்தான் காற்று வழியாக இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, உங்கள் சுவரில் ஃபாயில் வெளிப்பக்கம்தான் நனைகிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். இனி லிட்டர் கணக்கு, அதாவது மெஷின் ஒரு நாளைக்கு எடுக்கும் தண்ணீர்.

உங்கள் அறை 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். 30 டிகிரியில் ஈரப்பதத்தை 80 சதவீதத்திலிருந்து 50க்கு இறக்க, அந்தக் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீர் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 300 மில்லி. ஒன்றரை டம்ளர்! அப்புறம் எதற்கு 20 லிட்டர் மெஷின் என்று தோன்றும். உலர்த்திய காற்று அப்படியே இருப்பதில்லை என்பதுதான் விஷயம். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்காற்று மணிக்கு ஒரு முறை முழுதாக மாறினால் அந்த 300 மில்லி மணிக்கு மணி திரும்பி வருகிறது. ஒரு நாளைக்கு ஏழு லிட்டருக்கு மேல். இடுக்குகளை அடைத்து, காற்று மாறுவதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் இரண்டரை லிட்டரோடு போயிற்று. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மெஷின் ஓட்டினால், ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்துகிற வேலை. கதவுக்கு அடியில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டுவது, 10 லிட்டர் மெஷினுக்குப் பதில் 20 லிட்டர் வாங்குவதைவிடப் பலன் தரும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதோடு அறைக்குள்ளேயே உண்டாகும் ஈரமும் உண்டு. தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 40 மில்லி அளவுக்கு விடுகிறார். துவைத்த துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால் ஒரு லோடுக்கு இரண்டு லிட்டர் வரை காற்றில் கலக்கும். அந்தப் பழக்கம் இருந்தால் முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்து, பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 20 லிட்டர் என்றால் எந்த நிலையில் 20 லிட்டர் என்று கேட்க வேண்டும். பல கம்பெனிகள் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் சோதித்த அளவை முன்னால் பெரிதாகப் போடுவார்கள். அதே மெஷின் 27 டிகிரி, 60 சதவீதத்தில் ஏறக்குறைய பாதிதான் எடுக்கும். நமக்கு வேண்டியதோ அறையை 60க்குக் கீழே வைத்திருப்பது. ஆகவே சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டாவது எண்தான் உங்கள் எண். அமெரிக்காவில் 2019இல் சோதனை வெப்பநிலையை சுமார் 27 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு இறக்கினார்கள். அதுவரை 70 பைன்ட், அதாவது 33 லிட்டர், என்று விற்ற மெஷின்கள் ஒரே இரவில் 50 பைன்ட், சுமார் 24 லிட்டர், ஆகிவிட்டன. உள்ளே ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை.

உங்கள் அறைக்கு, கதவையும் ஜன்னலையும் சாத்தி வைப்பதாக இருந்தால், 30 டிகிரி 80 சதவீதக் கணக்கில் 12 லிட்டர் மெஷின் போதும். பக்கத்து அறைக்கும் மாற்றி மாற்றி வைக்க நினைத்தால் 20 லிட்டர் வாங்குங்கள். பெரிதாக இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு நின்றுவிடும். தூக்கி நகர்த்தத்தான் சற்றுச் சிரமம்.

அரை லிட்டர் மெஷினை விட்டுவிடுங்கள். அதில் ஃப்ரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரசர் கிடையாது. பெல்டியர் என்ற சிறு தகடுதான் குளிர்கிறது. நாள் முழுக்க ஓடி அது எடுப்பதை உங்கள் கதவிடுக்கு இரண்டு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். நன்றாகச் சாத்தப்பட்ட ஒரு பீரோவுக்குள் வைக்க வேண்டுமானால் சரி. ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு அடைத்த டப்பாக்களும் அப்படித்தான். ஒரு எச்சரிக்கை: அதில் சேர்வது வெறும் தண்ணீர் இல்லை, உப்புக் கரைசல். தோல் பையின் மேல் கவிழ்ந்தால் பூஞ்சையே தேவலை என்றாகிவிடும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

இன்னொரு வகை, சியோலைட் போன்ற உறிஞ்சும் பொருள் பூசிய சக்கரம் சுழலும் டெசிகன்ட் மெஷின். எடை குறைவு. குளிர் பிரதேசத்துக்கு ஏற்றது, ஏனென்றால் அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் கம்ப்ரசர் மெஷினின் காயிலில், அதாவது குளிரும் குழாய்ச் சுருளில், பனி கட்டிக்கொள்ளும். சூடான அறையில் இது வீண் செலவு: கரண்டும் அதிகம், வெளியே தள்ளும் காற்றும் சூடு.

சூடு என்றதும் கடையில் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த டீஹியூமிடிஃபையரும் அறையைக் குளிர்விக்காது, சூடாக்கும். ஆவி தண்ணீராக மாறும்போது ஒவ்வொரு லிட்டருக்கும் 0.68 யூனிட் அளவு வெப்பம் வெளிவருகிறது. 300 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடி 5 லிட்டர் எடுத்தால், மெஷின் தின்ற 3 யூனிட்டும் சேர்ந்து, பத்து மணி நேரம் 600 வாட் ஹீட்டர் எரிந்த மாதிரி. ஏசி இந்தச் சூட்டை வெளியே தள்ளுகிறது, இது அறைக்குள்ளேயே விடுகிறது. அதனால் அறையில் ஆள் இல்லாத பகல் நேரத்தில் மெஷின், இரவில் ஏசி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசியே ஈரத்தை எடுக்காதா என்ற சந்தேகம் வரும். எடுக்கும். 1902இல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏசியை வடிவமைத்ததே புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்கிய தொல்லையைத் தீர்க்கத்தான். ஆனால் ஏசி ஓடும்போது மட்டும்தான் எடுக்கும். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி என்றால் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். நின்ற பிறகு ஃபேன் மட்டும் சுற்றினால், காயிலில் ஒட்டியிருந்த ஈரம் திரும்ப அறைக்கே வரும். 24 டிகிரியை 26 ஆக்கி, ஃபேனை ஆட்டோவில் வைத்துப் பாருங்கள். சுவர் குறைவாகக் குளிரும். காலையில் ஜன்னலை உடனே திறக்காமல், அறை வெளி வெப்பத்துக்கு வந்த பிறகு, மழை இல்லாத நேரமாகப் பார்த்துத் திறங்கள்.

வாங்கும்போது எவ்வளவு ஈரப்பதத்தில் நிற்க வேண்டும் என்று நாமே வைக்கும் வசதி, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடும் வசதி, தொட்டி நிறைந்தால் தானாக நிற்பது, ட்யூப் மாட்டித் தண்ணீரை வெளியே விடும் வசதி, இந்த நான்கும் இருக்கட்டும். அயனி, ஓசோன் என்று ஏதாவது போட்டிருந்தால் வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழலை எரிச்சலூட்டும், அதுவும் இழைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள்.

மெஷினைவிட முதலில் வாங்க வேண்டியது ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். மலிவானதுதான், ஐந்து புள்ளி முன்னே பின்னே காட்டும். சரிபார்க்க ஒரு வழி: பாட்டில் மூடி நிறைய உப்பு எடுத்து, ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினை ஓட்டத் தொடங்கும் முன் பூஞ்சையை எடுத்தாக வேண்டும். காற்று உலர்ந்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், ஆனால் செத்த பூஞ்சையும் இழைப்பைத் தூண்டும். என்95 மாஸ்க் போட்டு, மாமியாரை வேறு அறையில் இருக்கச் சொல்லி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சுவரைத் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததைத் தேய்த்தால் தூள் பறக்கும். மேலேயே பெயின்ட் அடித்து மறைப்பது பிரயோஜனமில்லை. பை, பெல்ட் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்த் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள்.

மெஷினை 50 அல்லது 55இல் வைத்து, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பீரோக் கதவைத் திறந்துபோட்டு ஓட்டுங்கள். முதல் வாரம் நிற்காமல் ஓடும், பயப்படாதீர்கள். மெத்தை, துணி, சுவர் எல்லாம் குடித்து வைத்திருப்பதைக் கக்குகின்றன. பிறகு ஓடும் நேரம் தானாகக் குறையும். இரண்டு வாரமாகியும் மீட்டர் 60க்குக் கீழே வராவிட்டால், பெரிய மெஷினுக்குப் போகாதீர்கள். ஃபாயிலை இன்னொரு சுவரில் ஒட்டிப் பாருங்கள்.

தண்ணீர் விஷயம். குடிக்க, சமைக்கக் கூடாது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அறையின் தூசியும் கிருமியும் காயிலின் உலோகமும் கலந்தது. நாம் உண்ணும் செடிகளுக்கும் வேண்டாம். தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற, பூச்செடிக்கு விடத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தொட்டியை மட்டும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை அங்கே குடிவந்துவிடும்.