பெரிய பகா எண்: கேட்டவர்களுக்குப் பதில், தருமபுரியிலிருந்து

பாலக்கோடு, பத்தாம் வகுப்பு மாணவி: சார், இதுவரை தெரிந்ததிலேயே பெரிய பகா எண் எது? அதன் கடைசி இலக்கம் என்ன?

கண்ணு, 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் 1 கழித்தால் அதுதான். 2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டுராண்ட் கண்டுபிடித்தார். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஒரு இலக்கமாக ராப்பகல் நிறுத்தாமல் வாசித்தாலும் 474 நாளைத் தாண்டும். ஆனால் கடைசி இலக்கத்தை நீ மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகத் திரும்பத் திரும்ப முடியும், நம் அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் 2-இல் முடியும், அதில் ஒன்று போனால் 1. அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 2-இன் அடுக்கில் 1 கழித்து வருவது பகா எண்ணாவதற்கு, அந்த அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதுமா?

போதாது தம்பி. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இரண்டு காரணிகளையும் உற்றுப் பாருங்கள்: 22-க்கு ஒன்று கூட, 88-க்கு ஒன்று கூட. இது தற்செயல் இல்லை. அடுக்கு 2-ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருந்தால், எந்தக் காரணியும் அடுக்கின் இரட்டிப்பின் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று அதிகமாகத்தான் இருக்கும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

ஓசூர், கம்பெனி வேலை: சார், அவ்வளவு பெரிய எண்ணை எதால் வகுத்துப் பார்ப்பார்கள்?

பகா எண்தான் என்று உறுதி செய்ய ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதில்லை. லூக்கா-லேமர் சோதனை என்று ஒன்று இருக்கிறது, 127-ஐ (2⁷ − 1) வைத்துக் காட்டுகிறேன். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதையே திரும்பச் செய்யுங்கள்: 4, 14, 67, 42, 111, கடைசியில் 0. அடுக்கில் இரண்டு குறைத்து, ஐந்தே படி. பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. வராதபோது காரணி என்னவென்று இது சொல்லாது, அதுதான் இதில் ஆச்சரியம். 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று 1876-இலேயே கணிதவியலாளர் லூக்கா காட்டிவிட்டார். ஆனால் 193707721 × 761838257287 என்று அதைப் பிரித்துக் காட்ட 1903-இல் கோல் என்ற இன்னொரு கணிதவியலாளர் வர வேண்டியிருந்தது.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு அக்கா: பேங்க் பாதுகாப்புக்கு இந்த எண்ணைத்தான் பயன்படுத்துகிறார்களா?

இல்லைக்கா. ஊருக்கே தெரிந்த எண்ணை ரகசியமாக வைக்க முடியாது. தகவலை மறைத்து அனுப்பும் ஆர்எஸ்ஏ என்ற முறையில் பொதுவாகச் சுமார் 300 இலக்கப் பகா எண்கள் இரண்டே போதும், அவற்றை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க வேண்டும்.

மறுபடி பாலக்கோட்டு மாணவி: இதைவிடப் பெரியது இருக்கிறதா சார்?

நிச்சயம் இருக்கிறது, பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் நிரூபித்துவிட்டார். ஆனால் 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த இந்த மெர்சென் வகைக்கு முடிவு உண்டா என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. சரி, நீ 8191-ஐ (2¹³ − 1) எடுத்து அந்த மீதிக் கணக்கைப் போட்டுப் பார். பதினொரு படி, ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.