கல்லூரி, பகுதி நேர வேலை, கைவினைத் தொழில்: மூன்றையும் ஒன்றாகச் சமாளிப்பது எப்படி?

பட்டு நூல் வளையல் செய்து விற்கிறேன், சாயங்காலம் துணிக்கடையில் வேலை, பகலில் கல்லூரி, எதையும் விட மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதையும் விட வழியில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது வயிறு கலங்கியவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

நான் மதுரை, திருப்பரங்குன்றம் பக்கம். 2022ல் பி.காம். சேர்ந்து 2025ல் முடித்தேன். மூன்று வருடமும் சுடுமண் நகை செய்து விற்றேன். கூடவே தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கு டியூஷன், சனி ஞாயிறு ஒரு ஜெராக்ஸ் கடை. வீட்டில் வசதி இருந்திருக்கும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்தது. அது பெரிய உதவி, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்து மட்டும் ஒரு செமஸ்டரை ஓட்டிவிட முடியாது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் விளாச்சேரி. கொலு பொம்மைக்குப் பேர் போன ஊர். மண்ணும் அங்கேதான் வாங்குவேன், சூளை வைக்கும்போது என் ஜிமிக்கிகளையும் ஓரமாக வைத்துச் சுட்டுத் தருவார் அங்கே ஒரு தாத்தா. காற்றுக் குமிழி இல்லாமல் மண்ணைப் பிசைய வேண்டும், செய்ததை நாலைந்து நாள் நிழலில் காயவைக்க வேண்டும், சுட வேண்டும், அப்புறம்தான் பெயின்ட், கொக்கி எல்லாம். இதில் காய்கிற நாளை மட்டும் நம்மால் குறைக்க முடியாது. அது தெரியாமல் பட்டேன்.

2023 நவம்பர். ஒரு கல்யாண வீட்டில் வருகிறவர்களுக்குக் கொடுக்க நாற்பது ஜோடி ஜிமிக்கி கேட்டார்கள். ஜோடி 120 ரூபாய், அட்வான்ஸ் 2000. அந்த 2000 கைக்கு வந்த அன்றே பரீட்சை ஃபீஸாகப் போய்விட்டது. வெளியே விடாத மழை. அடுப்பு மேடையில் தட்டு தட்டாகப் பரப்பிக் காயவைத்தேன். தாத்தாவின் சூளையில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வரிசையில் நின்றன, ஒரு வாரம் பொறு என்றார். எனக்குப் பொறுக்க நாளில்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் பழைய பானையில் உமியும் கரியும் போட்டு நானே சுட்டேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும்போது மண் வெடித்துவிடும். பானைக்குள் டப் டப்பென்று கேட்க ஆரம்பித்ததும் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். எண்பதில் இருபத்துமூன்று உருப்படி தேறியது. மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல், போகவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம் போனில் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. தேறியதில் பதினொரு ஜோடியை வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தை மெதுவாகக் கொடும்மா என்றார். இரண்டு மாத டியூஷன் காசில் கொடுத்து முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் நோட்டு எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு என் கை வேலை நாற்பது நிமிடம், பொருள் செலவு 25 ரூபாய் போக 95 நிற்கும். ஜெராக்ஸ் கடையில் ஒன்பது மணி நேரம் நின்றால் 250. மணிக்கு முப்பது ரூபாய்கூட இல்லை. அந்தக் கடையை விட்டேன். சனி ஞாயிறு முழுக்க மண் வேலை, திங்கள் முதல் வெள்ளி வரை அது பாட்டுக்குக் காயும், நான் வகுப்பில் இருப்பேன். சூளை எரியும் நாளைக் கேட்டுக்கொண்டுதான் ஆர்டருக்கே தேதி சொல்வேன். அக்டோபர் 20க்கு மேல் பரீட்சை முடியும் வரை புது ஆர்டர் கிடையாது.

உடனே வேலையை விட்டுவிடச் சொல்கிறாள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்றால்தான் அந்த 95 ரூபாய். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆர்டரும் இல்லை. அந்த மாதங்களில் டியூஷன்தான் தாங்கியது, அதனால் அதைக் கடைசி வரை விடவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்த பிறகு, ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் பத்தடி தள்ளி நிறுத்துகிற, இல்லை நிறுத்தாமலே போகிற ஓட்டுநர்கள் சிலர் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் முதல் மணி நேரம் ஆப்சென்ட். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைந்தால் பரீட்சைக்கு முன்னால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இரண்டாம் வருடம் நான் கட்டினேன். ராத்திரி ஒரு மணி வரை பெயின்ட் அடித்துவிட்டுக் காலையில் பையும் கையுமாகப் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறவளைப் பார்த்து 'ஓசிதானே' என்று சொல்ல எப்படி மனம் வருகிறதோ.

சரி, உங்கள் விஷயம். நூல் வளையலில் ஒரு வசதி உண்டு, பாதியில் நிறுத்தினாலும் கெடாது. பஸ்ஸிலும் சுற்றலாம், இடைவேளையிலும் சுற்றலாம். ஒரு செட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, நூலும் கல்லும் எவ்வளவுக்கு வாங்குகிறீர்கள், கடையில் மாதம் என்ன தருகிறார்கள், எத்தனை மணி நேரம் நிற்க வைக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.