பிளாக்வுட் சகோதரர்கள்: பாட்டும் பிழைப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தென்மாநிலங்களின் நற்செய்தி இசை குறித்த தங்கள் கட்டுரையில் பிளாக்வுட் பிரதர்ஸ் என்ற நால்வர் பாடகர் குழுவினரின் வாழ்க்கையை ஓர் ஊழியம், அதாவது இறைப்பணி, என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் டிக்கெட் விற்றுப் பாடியவர்கள், ஆர்.சி.ஏ. விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர்கள். குழுவினர் இருவர் விமான விபத்தில் மாண்ட சில வாரங்களுக்குள் மீண்டும் மேடையேறியவர்கள். இதைத் தொழில் என்று மட்டும் சொல்வதுதானே நேர்மை? அவர்களது பாடல்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்பதையும் தெரிவித்தால் நன்று.

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் பாடிப் பிழைத்தார்கள் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பிழைப்பாக இருந்ததனாலேயே அது ஊழியமாக இருந்திருக்க முடியாது என்ற முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

இந்த இசை மரபு தொடக்கத்திலிருந்தே விற்பனையோடு பிணைந்து வளர்ந்தது. டென்னசி மாநிலத்து லாரன்ஸ்பர்க் ஊரில் பாட்டுப் புத்தகங்கள் அச்சிட்டுவந்த ஜேம்ஸ் டி. வாகன், 1910இல் நால்வர் குழு ஒன்றைச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். புதிய பாடல்களைச் சபைகளில் பாடிக்காட்டுவதும், கேட்டவர்களிடம் புத்தகத்தை விற்பதும் அவர்களுடைய வேலை. புத்தகம் விற்ற இடங்களில், சுரக்குறிகளை வடிவத்தால் அடையாளம் காணக் கற்றுத்தரும் பாட்டுப் பள்ளிகளும் நடந்தன. பருத்திக்காட்டில் உழைத்த குடும்பங்கள் நான்கு குரல்களில் பாடப் பழகியது இவ்வழியாகத்தான். வியாபாரத்தை இதிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் அந்த மக்களிடம் பாட்டு போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது.

மிசிசிப்பி மாநிலத்தின் சாக்டா கவுண்டியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராய், டாயில், ஜேம்ஸ் என்ற மூன்று சகோதரர்களும், ராயின் மகன் ஆர்.டபிள்யூ.வும் சேர்ந்து 1934இல் பாடத் தொடங்கினார்கள். மூத்தவரான ராய் போதகர். ஜேம்ஸுக்கு அப்போது பதினைந்து வயதுதான் இருக்கும். அண்ணன் மகன் அவரைவிடவும் இளையவர். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், வானொலியில் பாடுவதும், அடுத்து எந்த ஊரில் பாடப்போகிறோம் என்பதை அதே வானொலியில் அறிவிப்பதுமாக அவர்கள் காலம் தள்ளினார்கள். பின்னர் ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் என்ற பாட்டுப் புத்தக நிறுவனத்தின் ஆதரவில் ஐயோவா மாநிலத்து ஷெனண்டோவாவுக்குச் சென்றார்கள். போர்க்காலத்தில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் போர்த் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாடினார்கள். பணம் மட்டுமே குறியாக இருந்தவர்கள், நிலையான சம்பளம் கிடைத்த அந்த ஆண்டுகளில் பாட்டை விட்டிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

1950இல் அவர்கள் மெம்பிஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1952இல் ஆர்.சி.ஏ. ஒப்பந்தம் கிடைத்தது. 1954 ஜூன் மாத நடுவில் நியூயார்க்கில் ஆர்தர் காட்ஃபிரேயின் புகழ்பெற்ற திறன்தேடல் நிகழ்ச்சியில் வென்று நாடறிந்த குழுவானார்கள். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டே வாரங்களில், ஜூன் 30ஆம் தேதி அலபாமாவின் கிளாண்டனில் அந்த விபத்து நிகழ்ந்தது. பீச் பழத் திருவிழாவுக்குப் பாட வந்திருந்தவர்கள், அந்தச் சிறிய ஓடுதளத்தில் விமானம் ஏறி இறங்குவதைச் சோதித்துப் பார்த்தபோது அது விழுந்து எரிந்தது. விமானத்தை ஓட்டிய ஆர்.டபிள்யூ., பாஸ் எனப்படும் மிகத் தாழ்ந்த குரலில் பாடிய பில் லைல்ஸ், உள்ளூர் இளைஞர் ஒருவர் ஆகிய மூவரும் மாண்டார்கள். கண்ணெதிரே எரிந்த விமானத்தை நோக்கி ஓடிய ஜேம்ஸை, ஸ்டேட்ஸ்மென் என்ற மற்றொரு நற்செய்திப் பாடகர் குழுவின் ஜேக் ஹெஸ் பிடித்து நிறுத்தினார்.

இதற்குப் பிறகு அவர்கள் சீக்கிரம் மேடையேறியதைத்தான் தாங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். ஜேம்ஸ் முதலில் பாடுவதையே விட்டுவிட எண்ணியவர் என்பதைத் தாங்கள் கருத வேண்டும். மரணத்துக்குப் பின்னும் நம்பிக்கை உண்டு என்று இருபது ஆண்டுகளாகப் பிறருக்குப் பாடிவந்த ஒருவர், தம் வீட்டில் மரணம் நேர்ந்ததும் வாய்மூடிவிட்டால், அதுவரை பாடியது என்னவாகும்? அவர் திரும்பிவந்ததில் குடும்பங்களின் வயிற்றுப்பாடும் கலந்திருந்தது, அந்தப் பாடல்களின் மேலிருந்த விசுவாசமும் கலந்திருந்தது. இரண்டையும் பிரித்துக்காட்டும்படி அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. ஆர்.டபிள்யூ.வின் இடத்தில் அவருடைய தம்பி செசில் பாரிடோன் எனப்படும் இடைநிலைக் குரலில் பாடினார். லைல்ஸின் இடத்துக்கு ஜே. டி. சம்னர் வந்தார். விமானத்தை விட்டுவிட்டு, படுக்கைகள் பொருத்திய பேருந்தில் அவர்கள் பயணம் செய்யத் தொடங்கியது இதன் பிறகுதான். பாடகர் குழுக்கள் அத்தகைய பேருந்தில் ஊர் ஊராகச் செல்லும் வழக்கத்துக்கு அவர்களே முன்னோடிகள்.

எல்விஸ் பிரெஸ்லியின் தாயார் கிளாடிஸுக்கு மிகவும் பிடித்த குழு இது. 1958 ஆகஸ்டில் அவர் இறந்தபோது, வெளியூர் நிகழ்ச்சியில் இருந்த இவர்கள் மெம்பிஸுக்கு வந்து அடக்க ஆராதனையில் பாடினார்கள். டிக்கெட் விற்ற அதே குரல்கள்தாம் துக்க வீட்டிலும் பாடின.

தங்கள் ஐயத்தைவிடக் கனமான ஒரு குறை உண்டு. அதை என் கட்டுரை பேசியிருக்க வேண்டும் என்று யாரேனும் கேட்டிருந்தால் நியாயமே. அன்றைய தென்மாநில அரங்குகளில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து உட்கார முடியாது. கறுப்பினத்தவரான தாமஸ் டார்சி இயற்றிய பாடல்களை வெள்ளையர் குழுக்கள் மனமுருகிப் பாடின. அவற்றைக் கேட்க வந்த கறுப்பின மக்களுக்கோ தனி இருக்கைகள். காசு வாங்கியது எனக்கு உறுத்தவில்லை, அந்தப் பிரிவினைக்குள் இந்த இசை அமைதியாக நடந்துகொண்டிருந்தது உறுத்துகிறது. இந்த ஊழியத்தின் எல்லை எங்கே முடிந்தது என்று கேட்டால் அந்த இருக்கைகளைத்தான் காட்டுவேன்.

கேட்கத் தொடங்குவதற்கு, 1952 முதல் 1954 வரையிலான ஆர்.சி.ஏ. பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டெனர் (உச்சக் குரல்) பில் ஷா, லீட் (மெட்டைத் தாங்கும் முதன்மைக் குரல்) ஜேம்ஸ், பாரிடோன் ஆர்.டபிள்யூ., பாஸ் லைல்ஸ். அடுத்து, சம்னர் சேர்ந்த பிறகு வந்த பதிவுகளைக் கேளுங்கள். லைல்ஸின் பாஸ் மற்ற மூன்று குரல்களையும் அடியிலிருந்து சீராகத் தாங்கும். சம்னர் அதனினும் கீழே இறங்கி, கேட்பவரைத் தம் பக்கம் திரும்பவைப்பார். முதல் அமைப்பின் ஒருமைப்பாடே எனக்கு உகந்தது. ஜேம்ஸின் குரலை மட்டும் இரண்டிலும் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டுவிட்டு, தங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்