வாசகர் கேள்வி: பையன் படம் போட்ட பேஸ்பால் கார்டு

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த என் அண்ணன் மகன் பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படமும் பின்பக்கம் அவர் விவரமும் அச்சிட்ட சின்ன அட்டை) சேர்க்கிறான். என் மகன் தன் கிரிக்கெட் டீமுக்கும் அதே மாதிரி கேட்கிறான். வீட்டிலேயே செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தாராளமாகச் செய்யலாம்மா. அகலம் 2.5 அங்குலம், உயரம் 3.5. ஏ4 தாளில் 9 அடங்கும். படம் 750க்கு 1050 பிக்சலாவது இருக்கட்டும்; வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் மங்கலாகத்தான் விழும். கனத்த அட்டையை வீட்டு பிரிண்டர் பெரும்பாலும் இழுக்காது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் மெல்லிய தாளில் தனித்தனியாக எடுத்து, நடுவே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வைத்து ஒட்டுங்கள். முதல் தடவை நான் பசையைத் தாராளமாகத் தடவினேன், அத்தனையும் அப்பளமாய் வளைந்துவிட்டது! க்ளூ ஸ்டிக்தான் சரி. வெட்ட ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும். மூலையை நகவெட்டியால் வளைவாக வெட்டலாம், சிரிக்காதீர்கள், நன்றாகவே வரும்.

பின்பக்கம்தான் ருசி. ஊர், எந்தக் கை ஆட்டம், எத்தனை ரன் எல்லாம் அங்கேதான். காவேரிப்பட்டணம் மாந்தோப்பில் ஆடும் என் பேரனுக்கு, 'அதிகபட்சம் 14 ரன், தோப்பில் தொலைத்த பந்து 6' என்று போட்டேன். அந்த ஆறு பந்துக்காகவே கூட்டாளிகள் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப் போனார்கள்.