வேண்டாத பேச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் ‘ஒஹாயோ’ (1959) படத்தை நேற்று இரவு பார்த்தேன். டிவி வாங்கித் தரவில்லை என்று அண்ணனும் தம்பியும் யாருடனும் பேசாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஆனாலும் கடைசிவரை சிரித்துக்கொண்டே பார்த்தேன். ஆனால் எனக்கு ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. சப்டைட்டிலைப் படித்தால் முகம் தவறிப்போகிறது, முகத்தைப் பார்த்தால் வசனம் தவறிப்போகிறது. நான் ரசித்தது அந்தப் படத்தைத்தானா?

அன்புள்ள நண்பருக்கு,

அதையேதான். மொழி தெரியாமல் பார்க்க இதைவிடத் தோதான படம் இல்லை என்றுகூடச் சொல்வேன்.

‘ரொம்பப் பேசுகிறாய்’ என்று அப்பா அதட்டுகிறார். பெரியவன் மினோரு விடுவதாக இல்லை. பெரியவர்கள் மட்டும் என்னவாம்? காலை வணக்கம், மாலை வணக்கம், நல்ல வெயில், எங்கே கிளம்பிவிட்டீர்கள், இதோ பக்கத்தில்தான். எல்லாம் வேண்டாத பேச்சுதானே? சப்டைட்டிலைக் கவனமாகப் படிக்கவேண்டிய இடம் இது ஒன்றுதான். இதற்குப் பிறகு யார் வாயைத் திறந்தாலும் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

‘ஒஹாயோ’ என்றால் காலை வணக்கம். பக்கத்து வீட்டுப் பெண்மணி அதைச் சொல்ல, பையன்கள் பதில் சொல்லாமல் போய்விடுகிறார்கள். மாதர் சங்கச் சந்தா விஷயத்தில் பையன்களின் அம்மாவோடு ஏற்கெனவே அவருக்குச் சங்கடம். சரி, அம்மாதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறு. கணவர் குசு விடும்போதெல்லாம், ‘கூப்பிட்டீர்களா?’ என்று மனைவி வந்து நிற்கிறாள். எனக்குத் தெரிந்து திரையில் வந்த மிகச் சிறந்த தாம்பத்தியக் காட்சிகளில் ஒன்று அது. சப்டைட்டில் எதற்கு?

பள்ளியில் மதிய உணவுக்குப் பணம் கொண்டுவரச் சொன்னதைப் பையன்கள் சித்தியிடம் சைகையிலேயே கேட்பார்களே, அந்த இடம் நினைவிருக்கிறதா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று இரவு நீங்கள் இருந்த நிலையில்தான் அவளும் இருக்கிறாள்.

ஓஸு 1932இல் எடுத்த ஒரு மௌனப் படத்திலும் அப்பாவிடம் கோபித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி உண்டு. அவர்கள் சாப்பிட மறுக்கிறார்கள். பேச்சே கேட்காத படத்தில் பேசாமல் இருந்து என்ன பயன்? பேசும் படம் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு மௌனம் ஓர் ஆயுதமாகிறது.

போராட்டம் வென்றது என்று பையன்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிவி பத்துக் கோடி முட்டாள்களை உருவாக்கும் என்று யாரோ சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அந்த அப்பா. ஓய்வுபெற்ற அண்டைவீட்டுக்காரர் பிழைப்புக்காக மின்சாதனங்கள் விற்கக் கிளம்பியிருக்கிறார், அவருக்காகத்தான் அப்பா டிவி வாங்குகிறார். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த பட்டத்து இளவரசரின் திருமணத்தைப் பார்க்கவென்று ஜப்பானில் டிவி விற்பனை எகிறியிருந்தது. படம் வந்தது மே மாதம். எப்படியும் பெட்டி வீட்டுக்குள் வந்திருக்கும்.

முக்கியமான காட்சி ரயில் நிலையத்தில் வருவது. சித்திக்கும் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் இளைஞனுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம். வேண்டாத பேச்சு இல்லாவிட்டால் உலகம் வறண்டுபோகும் என்று வீட்டில் அழகாக வாதாடியவன் அவன். வேண்டியதைச் சொல்லத்தான் உனக்கு வாய் வரவில்லை என்று அவன் அக்கா குத்திக்காட்டியும் இருந்தாள். நடைமேடையில் இருவரும் நல்ல வெயில் என்கிறார்கள். திரும்பவும் நல்ல வெயில் என்கிறார்கள். பிறகு மேகத்துக்கு வருகிறார்கள்.

அடுத்த முறை அந்த இடத்தில் சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் உங்களுக்கு முன்பே தெரியுமே.