மடித்ததை ஏன் அவிழ்க்க வேண்டும்? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பழ ஈக்களைப் பற்றிய உங்கள் சென்ற வாரக் கட்டுரையில், மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் இழையான ஆர்.என்.ஏ. தானாகவே மடிந்துகொள்கிறது, பிறகு ஒரு புரதம் வந்து அந்த மடிப்பை அவிழ்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அவிழ்க்கத்தான் போகிறது என்றால் எதற்கு டீச்சர் மடிய வேண்டும்? புடவையை மடித்த கையோடு பிரிப்பது போல இருக்கிறதே" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஈயின் ஆர்.என்.ஏ.வால் நமக்கு என்ன பயன் என்று இன்னொருவன் கேட்டான். வகுப்பில் ஈ வளர்த்து எதையாவது காட்ட முடியுமா?

கலாவதி, பட்டர்வொர்த்

அன்புள்ள கலாவதி டீச்சர்,

புடவையைப் பிரித்தால் துணியாகக் கிடக்கும். ஆர்.என்.ஏ. அப்படிச் சும்மா கிடக்காது. ஒரு மடிப்பை அவிழ்த்தால், விடுபட்ட இழை பக்கத்தில் தனக்குப் பொருத்தமான வேறோர் எழுத்து வரிசையைத் தேடிப்பிடித்து மறுபடி இணைசேரும். ஆகவே புரதம் செய்வது பிரிப்பதோடு முடிவதில்லை. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றிவைக்கிறது. முதல் வடிவத்துக்கும் வேலை உண்டு, இரண்டாவதற்கும் உண்டு. எது எப்போது என்பதுதான் சங்கதி.

என் கட்டுரையில் வந்த புரதத்தின் பெயர் எம்.எல்.இ. அது ஹெலிகேஸ் வகை நொதி, உயிரணுவின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து, இணைந்த ஆர்.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும். அதன் மரபணு கெட்டுப்போனால் ஆண் ஈக்கள் புழுப் பருவத்தைத் தாண்டி வளர்வதில்லை, பெண் ஈக்கள் பிழைத்துக்கொள்கின்றன. 'ஆண் அற்றது' என்ற பொருளில் 'மேல்லெஸ்' (எம்.எல்.இ.) என்று பெயர் வைத்ததும் அதனால்தான். காரணம் எக்ஸ் குரோமோசோம். பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஈயின் மரபணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. அந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க, ஆண் ஈ தன் ஒற்றை எக்ஸை இரட்டிப்பு வேகத்தில் உழைக்க வைக்கிறது. அதற்கென்று எம்.எஸ்.எல். என்ற புரதக் கூட்டணி எக்ஸின் மீது போய் உட்காருகிறது. அந்தக் கூட்டணியில் எந்தப் புரதமாகவும் மாறாத ஆர்.என்.ஏ.க்கள் இரண்டும் சேர்கின்றன: ராக்ஸ்-1, ராக்ஸ்-2. இவை 1997இல் கண்டறியப்பட்டவை. இரண்டில் ஒன்று இருந்தாலே ஆண் ஈக்குப் போதும்; இரண்டும் இல்லாவிட்டால் பெரும்பாலான ஆண்கள் இறந்துவிடுகின்றன.

உங்கள் மாணவியின் கேள்வி சூடுபிடிக்கும் இடம் இதுதான். அந்தக் கூட்டணியைச் சேர்ந்த எம்.எஸ்.எல்.-2 என்ற புரதத்தைச் சோதனைக் குழாயில் தனியே விட்டால், எந்த ஆர்.என்.ஏ. கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும், ராக்ஸைப் பிரித்தறியும் கண் அதற்கு இல்லை. ஆனால் ராக்ஸின் வால் பகுதியில் இருக்கும் மடிப்பை எம்.எல்.இ. அடையாளம் கண்டு, ஏ.டி.பி. செலவில் உருமாற்றிவிட்டால், எம்.எஸ்.எல்.-2 அதைக் குறிப்பாகப் பிடிக்கிறது. 2013இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ராக்ஸின் இந்த மடிப்புகளைப் பற்றித் தனித்தனியே எழுதின. உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ.க்கள் மிதக்கும்போது சரியான ஒன்றை மட்டும் பொறுக்கியெடுக்க இது கைகொடுக்கிறது. மடிப்பு இல்லாவிட்டால் எம்.எல்.இ.க்குப் பிடிமானம் இல்லை. மடிப்பு அப்படியே இருந்துவிட்டால் எம்.எஸ்.எல்.-2 தேர்ந்தெடுக்க வழியில்லை.

இதைவிடத் தெளிவான கதை ஒன்று உண்டு. எனக்கு ராக்ஸைக் காட்டிலும் அதுதான் பிடிக்கும். நரம்பில் மின்துடிப்பைக் கடத்தும் சோடியம் வாயிலுக்கான மரபணுவின் பெயர் 'பாரா'. அதிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் ஓரிடத்தில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டும். திருத்தும் நொதி இரட்டை இழையின் மீதுதான் வேலை செய்யும். எனவே அந்த இடம் பக்கத்தில் உள்ள, பின்னால் வெட்டியெறியப்படும் துண்டோடு இணைந்து மடிந்துகொள்கிறது. திருத்தம் நடக்கிறது. ஆனால் அதே மடிப்பு, வெட்டி ஒட்ட வேண்டிய எல்லையையும் உள்ளே புதைத்துவிடுகிறது! அதை உரிய நேரத்தில் திறந்துவிடுவது நம் எம்.எல்.இ.தான். முன்கூட்டியே திறந்தால் திருத்தம் நடக்காது, திறக்கத் தவறினால் வெட்டு தப்பிப்போகும்.

தவறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எம்.எல்.இ.யில் ஒரு குறிப்பிட்ட பிழை உள்ள ஈக்கள் சாதாரண வெப்பத்தில் நடக்கும், பறக்கும். குழாயின் வெப்பத்தை 37 டிகிரிக்குச் சற்று மேலே ஏற்றினால் சில நொடிகளில் கால்களை மடக்கிக்கொண்டு கூட்டமாகக் கீழே விழும். ஆண், பெண் பேதமில்லை. குளிரவைத்தால் எதுவுமே நடக்காதது போல எழுந்து நடக்கும். 1978இல் இந்த ஈக்களை முதலில் விவரித்தவர்களுக்கு ஆர்.என்.ஏ. மடிப்பு கோளாறு என்ற எண்ணமே இல்லை. நரம்பில் துடிப்பு நின்றுபோகிறது என்பதுதான் தெரிந்தது. மடிப்பு வரை வந்துசேர 2000ஆம் ஆண்டு ஆயிற்று.

நம் பாடநூல்கள் ஆர்.என்.ஏ.வை ஒரு நேர்கோடாக வரைந்து அம்புக்குறி போட்டு முடித்துவிடுகின்றன. தேர்வுக்கு அது போதும் என்பது உண்மைதான். ஆனால் எழுத்து வரிசையைப் படித்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தை அந்தக் கோடு மாணவர் மனத்தில் பதித்துவிடுகிறது. ஒரே வரிசைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் அடங்கியிருக்கின்றன. எது வெளிப்படும் என்பதில் சுற்றியுள்ள புரதங்களுக்கும் பங்கு உண்டு.

"நமக்கு என்ன பயன்" என்றவனுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.எல்.இ.யின் நேரடி உறவு டி.எச்.எக்ஸ்.9 என்ற பெயரில் அவன் உடம்பிலும் இருக்கிறது. அதற்காக ஈயின் கதையை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட வேண்டாம். நம்மில் ஆணின் எக்ஸை மட்டும் இரட்டிப்பாக உழைக்கவைத்துப் பெண்ணோடு சமன்செய்வதில்லை. பெண்ணின் எக்ஸ்களில் ஒன்று அடக்கி வைக்கப்படுகிறது. கருவி பழையது, வேலை வேறு.

இனி ஈ வளர்ப்பு. நட்சத்திரப் பழத்தோட்டக்காரர்கள் காய்க்குக் காய் உறை கட்டுவது வேறோர் ஈக்குப் பயந்து, அதைப் பிடித்துவராதீர்கள். உங்களுக்கு வேண்டியது டிரோசோபிலா மெலனோகாஸ்டர், ஆய்வுக்கூட வளர்ப்பு. 25 டிகிரி அதற்கு இதம். பட்டர்வொர்த்தின் மதிய வெப்பத்தில் விட்டால் ஆண்கள் மலடாகிவிடும், அடுத்த தலைமுறையே வராது. குளிரூட்டிய அறை இல்லாமல் இறங்காதீர்கள்.

மடிப்பு அவிழ்வதைப் பள்ளி நுண்ணோக்கியில் காட்ட முடியாது. ஆனால் அதன் விளைவைக் காட்டலாம். குழாய்ச் சுவரில் ஏறத் தொடங்கிய முதிர்ந்த புழுக்களை எடுங்கள். ஆண் புழுவின் பின்பாதியில், இரு பக்கமும் கண்ணாடித் துளி போல விரை தெரியும். பெண்ணில் அந்த இடம் மிகச் சிறியது. உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்தெடுத்து, அசெட்டோ ஆர்சின் சாயமேற்றி, கண்ணாடி வில்லையால் அழுத்தி நசுக்குங்கள். வரிவரியான பெரிய குரோமோசோம்கள் விரியும். ஆணில் எக்ஸ் ஒன்றுதான். ஆனாலும் ஏறக்குறைய பெண்ணின் இணைந்த இரண்டு எக்ஸ் அளவுக்கே அகலமாக, சாயம் சற்று வெளிறித் தெரியும். சுரப்பியைப் பிரிப்பது முதல் சில தடவை கைவராது, நிறையப் புழுக்கள் வைத்துக்கொள்ளுங்கள். புடவைக் கேள்வி கேட்டவளிடம் ஊசியைக் கொடுங்கள்.