மறையாக்கிய ஸ்வாப்பில் ஹைபர்னேட் செய்யலாமா?

வணக்கம் நண்பரே. ஹைபர்னேட் செய்த (நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைத்த) லினக்ஸ் கணினியைத் திறந்தால், முந்தைய வேலை எதுவும் இல்லாமல் புதிதாக பூட் ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். மறையாக்கிய பகிர்வுகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் ஸ்வாப் (நினைவகப் படிமம் எழுதப்படும் வட்டுப் பகுதி) வரியைப் பாருங்கள். சாவி இடத்தில் யுரேண்டம் (தற்செயல் எண்களைத் தரும் மூலம்) என்றிருந்தால் காரணம் அதுதான். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதுச் சாவி உருவாகும். பழைய சாவியில் எழுதிய நினைவகப் படிமத்தை இனி யாராலும் திறக்க முடியாது. சேமிக்காத வேலை போனது போனதுதான். இதைச் சரிசெய்யும் வரை சஸ்பெண்ட் (அணைக்காமல் உறங்கவைப்பது) மட்டும் போதும், தயவுசெய்து.

சரி, தீர்வு: ஸ்வாப்பைக் கடவுச்சொல் கேட்கும் லக்ஸ் (லினக்ஸின் வட்டு மறையாக்க முறை) பகிர்வாக மாற்றுங்கள். பகிர்வின் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள், தவறினால் வேறு தரவு அழிந்துவிடும். அப்புறம், படிமத்தை எங்கே தேடுவது என்று கெர்னலுக்குச் (இயங்குதளத்தின் கருவுக்கு) சொல்லும் ரெஸ்யூம் அளவுரு, திறந்த அந்த ஸ்வாப்பைச் சுட்ட வேண்டும். ரூட் (முதன்மைக் கோப்பு முறைமை) ஏற்றப்படும் முன்பே ஸ்வாப் திறக்கும்படி, பூட்டின் தொடக்கத்தில் இயங்கும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்குங்கள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) இயங்கினால் பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் பதிப்புகளில்) கெர்னலே ஹைபர்னேட்டை மறுத்துவிடும். முதல் சோதனையை வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.